ஒரு குடும்பம், பல ஆபீஸ்: இராமநாதபுரம் கரையில் கேஸ் மேனேஜர் வேலை

ஏப்ரல் 15 ஆனால் இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எல்லாத் துறையிலும் விசைப்படகுகள் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு அது 45 நாள்தான். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வெளியானது. கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். ரேஷன் அரிசி இருக்கிறது, சரி. எண்ணெய், பருப்பு, மாத்திரை, பள்ளி திறக்கும்போது நோட்டும் பையும், வாரக் கடன் தவணை, எல்லாம் இந்த 131-க்குள் அடங்கவேண்டும்.

இந்தத் தொகை போதுமா என்பது ஒரு கேள்வி. அந்த 8,000 வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரு வீட்டில் மீனவர் அட்டை கணவர் பெயரில் இருக்கும், அவர் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டில் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு பெயர். இன்னொருவருக்கு அக்கவுண்ட் பல மாதம் தொடாமல் கிடந்து முடங்கியிருக்கும். எல்லாம் சரியாக இருந்து பணம் ஏறினாலும், அதே அக்கவுண்டில் கடன் தவணை பிடிக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், எடுக்கப் போவதற்கு முன்பே அது போய்விடும். இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் கேஸ் மேனேஜர் என்பவரின் வேலை இருக்கிறது.

அந்தப் பெயரில் ஒரே ஒரு பதவி என்று எதுவும் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வழக்குப் பணியாளர் என்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல சமூகப் பணியாளர். தொண்டு நிறுவனங்களில் கேஸ் ஒர்க்கர், களப்பணியாளர். ஊரில் இவர்கள் எல்லாருமே மேடம், சார், டீச்சர். பழகியபின் அக்கா, அண்ணே. பதவி எதுவானாலும் செய்யவேண்டியது ஒன்று: கஷ்டத்தில் இருக்கும் ஒருவரின், அல்லது ஒரு குடும்பத்தின், விஷயத்தை முதல் நாளிலிருந்து முடியும்வரை ஒரே ஆளாகக் கையில் வைத்திருப்பது.

நமது மாநிலத்தில் உதவித் திட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒவ்வொரு திட்டமும் ஒரு துறையுடையது, ஒரு வகைக் கஷ்டத்துக்கு உரியது. முதியோர் உதவித்தொகை வருவாய்த்துறை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தனி அலுவலகம். தடைக்கால நிவாரணம் மீன்வளத்துறை. பிள்ளைகளுக்கான நிதி ஆதரவு குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கஷ்டம் அப்படிப் பிரிந்து வருவதில்லை. ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், ஒன்றுக்குள் ஒன்று சிக்கி வருகிறது. ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கைச் சரியாகச் செய்தால்கூட அந்தக் குடும்பம் மூழ்கலாம். இதை முதலில் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையைப் புரிந்துகொள்ள முடியாது.

எல்லைக்கு அப்பால் பிடிபட்டவர் வீடு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தங்கச்சிமடம் பக்கம். கணவர் சொந்தப் படகு இல்லாத தொழிலாளி, பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிடுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974, 1976 ஒப்பந்தங்களில் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோடு வரையப்பட்டது. இலங்கை 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்காக்கியது. 2024-இலிருந்து படகு ஓட்டியவர்களுக்கு அங்குள்ள நீதிமன்றங்கள் சிறைத் தண்டனை விதிக்கவும் தொடங்கின. முன்பெல்லாம் சில வாரத்தில் ஆள் திரும்பிவிடுவார் என்று வீடு காத்திருக்கும். இப்போது ஆறு மாதமா, ஒரு வருடமா என்று தெரியாது. படகு திரும்புவது அதைவிடக் கடினம்.

பிடிபட்டவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு தினப்படி தருகிறது. 250 ரூபாயாக இருந்து, 350 ஆகி, 2025-இல் 500 ஆனது. இது நல்ல திட்டம். ஆனால் அந்த வீட்டில் நடப்பது இது மட்டுமல்ல. படகுக்காரரிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. மனைவி சேர்ந்திருக்கும் கடன் குழுவில் வாரத் தவணை, அவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்டவேண்டும் என்பதால் தெருவே வாசலில் வந்து நிற்கும். மூத்த பையன் பத்தாம் வகுப்பு, "நான் வல்லத்துல (நாட்டுப்படகு) போறேம்மா" என்கிறான். மாமியாருக்குச் சர்க்கரை, முதியோர் உதவித்தொகைக்கு எப்போதோ மனு கொடுத்தது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. மனைவி நண்டு கம்பெனிக்குப் போனால் கூலி வரும், ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை யார் பார்ப்பது?

இங்கே கேஸ் மேனேஜரின் திறமை எதில் இருக்கிறது என்று கேட்டால், வரிசையில் என்பேன். எதை முதலில், எதை அடுத்து, எதைக் கொஞ்சம் தள்ளி. மனுக்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது உதவி ஆகாது. அந்தப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் நான்கு அலுவலகம் ஏற நேரமும் இல்லை, பஸ் காசும் இல்லை. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஒருமுறை கலெக்டர் ஆபீஸ் போய்வருவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

முதலில் கெடு எதற்கு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பையன் பள்ளியை விட்டு நின்று, ஒரு பருவம் கடலுக்குப் போய்ப் பணம் பார்த்துவிட்டால் அவனைத் திருப்புவது மிகக் கடினம். அதனால் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுவது முதல் வாரத்து வேலை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோர் கொடிய நோயில் இருந்தால் நேராகக் கேட்கலாம். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்கவேண்டும். அப்பா வேறு நாட்டுச் சிறையில் இருக்கிற வீடு இந்த வரிகளுக்குள் நேராக வராது. குழந்தைகள் நலக் குழு முன் அந்தப் பையனின் நிலையை எடுத்துவைத்துக் கேட்கவேண்டும். அதற்கு வீட்டுச் சூழல் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையை "ஏழ்மையான குடும்பம், உதவி தேவை" என்று இரண்டு வரியில் எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தத் தேதியில் கைது, எவ்வளவு கடன், பையன் எத்தனை நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, வீட்டில் சம்பாதிப்பவர் யார் என்று எழுதினால் குழுவுக்கு முடிவெடுக்கப் பிடிமானம் கிடைக்கும்.

அடுத்தது வாசலில் நிற்கும் கடன். கடனைக் கேஸ் மேனேஜர் அடைக்க முடியாது. ஆனால் குழுவுக்குக் கடன் கொடுத்த கம்பெனி வசூலுக்கு வரும் முறையைப் பற்றிப் பேசமுடியும். கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-இலிருந்து இருக்கிறது. சட்டத்தை எடுத்தவுடனே நீட்டவேண்டியதில்லை. குழுத் தலைவியையும் கிளைக்காரரையும் உட்காரவைத்து, "தினப்படி வரும்வரை தவணையைத் தள்ளிப்போடுங்கள்" என்று எழுத்தில் வாங்கினால் போதும். சட்டம் இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்திருப்பதே பேச்சை மாற்றும்.

மாமியாரின் உதவித்தொகை மூன்றாவது. 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தனித் தாசில்தார் என்று மேசை மேசையாகப் போகவேண்டிய மனு அது. மெதுவாகத்தான் நகரும், அதனால் சீக்கிரம் தொடங்கி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டும். கேட்காத மனு நிற்கும். யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல, அந்த மேசையில் அதைப்போல இருநூறு மனு இருப்பதால்.

காணாமல் போனவரின் மனைவி

பிடிபட்டவர் எங்கே இருக்கிறார் என்றாவது தெரியும். கடலில் காணாமல் போனவர் வீட்டில் அதுவும் இல்லை. இந்த வேலையில் இதைவிடக் கனமான கேஸ் எனக்குத் தெரியாது.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்துவிட்டார் என்று சட்டம் ஊகிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. இறப்புச் சான்று இல்லாமல் விதவை உதவித்தொகை கேட்க முடியாது, வாரிசுச் சான்று கிடையாது, விபத்துக் காப்பீடு நகராது. கைவிடப்பட்ட பெண் என்ற வகையில் உதவித்தொகை கேட்கலாமா என்றால், அதற்கு 30 வயது ஆகியிருக்கவேண்டும், பிரிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்கவேண்டும். தவிர, அவர் கைவிட்டுப் போகவில்லையே. அந்த வார்த்தைக்குக் கையெழுத்துப் போட எந்த மனைவிக்கும் மனம் வராது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது காணாமல் போனவர்கள் பெரும்பாலும் கன்னியாகுமரிப் பக்கத்தவர்கள். அப்போது ஏழு ஆண்டு காத்திருக்காமல் அவர்கள் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுக்க அரசு தனி ஏற்பாடு செய்தது. ஆக, வழி இல்லாமல் இல்லை. நூறு பேர் சேர்ந்து காணாமல் போனால் வழி பிறக்கிறது. ஒரு வத்தை கவிழ்ந்து ஒரு ஆள் போனால், அவர் மனைவி தனியாக அலையவேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒற்றை ஆள் காணாமல் போனாலும் அதே விசாரணை, அதே காலக்கெடு இருக்கவேண்டும்.

அந்த நாள் வரும்வரை கேஸ் மேனேஜர் செய்யக்கூடியது, காகிதத்தை முதல் வாரத்திலேயே கட்டி வைப்பது. கடலோரக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, மீன்வளத்துறைக்குக் கொடுத்த புகாரின் நகல், கடைசியாகப் பார்த்த படகுக்காரர்கள் சொன்னது, தேடப் போனவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்ற குறிப்பு, கடலுக்குப் போக அன்று வாங்கிய அனுமதி டோக்கன். இவை சூடு ஆறுவதற்குள் சேரவேண்டும். மூன்று வருடம் கழித்துச் சாட்சி தேடினால் பக்கத்துப் படகுக்காரரே ஊர் மாறியிருப்பார்.

அப்புறம் மனம். "அவுக வந்துட்டா என்ன செய்யிறது டீச்சர்?" என்று கேட்கிற பெண்ணிடம் இறந்தவர் என்று எழுதிய விண்ணப்பத்தை நீட்டுவது எப்போது? அவசரப்பட்டால் உறவு முறியும். காலம் கடத்தினால் பிள்ளைகளுக்கு வரவேண்டிய பணம் தள்ளிப்போகும். அனுபவம் உள்ளவர்கள் நம்பிக்கையைப் பற்றிய பேச்சையும் காகிதத்தைப் பற்றிய பேச்சையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்வார்கள். விண்ணப்பம் கொடுப்பதால் அவர் திரும்பி வரமாட்டார் என்று ஆகிவிடாது, வந்தால் திருத்திக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். பலமுறை சொல்லவேண்டும்.

ஏர்வாடி சொல்லித் தந்தது

இந்தக் கரையில் கேஸ் மேனேஜர் வேலையின் தேவையை நாடே பார்த்த நாள் 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சுற்றியிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்தவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

கட்டி வைத்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நினைத்தால் விஷயம் புரியாது. நோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்குத் தூரத்திலிருந்து அழைத்து வந்த குடும்பங்கள் பல. மருத்துவம் பார்த்துக் கைப்பணம் தீர்ந்து, ஊரில் முகம் கொடுக்க முடியாமல், நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஓடிப்போய் பஸ்ஸில் அடிபடாமல் இருக்கட்டும் என்று கட்டுவதற்குச் சம்மதித்தவர்களும் உண்டு. அவர்களிடம் "மருந்து கொடுங்கள், நேர்ச்சையை விடுங்கள்" என்று சொல்பவரின் பேச்சு எடுபடாது. பிறகு தர்கா வளாகத்தில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி செய்த ஏற்பாடு அதனால்தான் பலன் தந்தது. துஆவும் நடக்கும், மனநல மருத்துவரும் பார்ப்பார். யாருடைய நம்பிக்கையையும் பிடுங்காமல் மாத்திரையை உள்ளே கொண்டுபோக முடிந்தது.

மருந்து வேலை செய்து ஆள் தேறியபின் என்ன? இங்கேதான் மருத்துவரின் வேலை குறைந்து கேஸ் மேனேஜரின் வேலை கூடுகிறது. சில பேருக்கு ஊர் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கும், அது எந்த மாநிலம் என்று தெரியாது. ஊரைக் கண்டுபிடித்து, அங்குள்ள காவல் நிலையம் வழியாக வீட்டைக் கண்டுபிடித்தால், அண்ணன் சொல்வார்: "இருக்கட்டும் சார், அங்கேயே இருக்கட்டும், மாசம் ஏதாவது அனுப்புறேன்." சொத்து பிரித்தாகிவிட்டது, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதற்கும் அந்த அண்ணன் கதவைத் திறப்பதற்கும் நடுவில் தொலைபேசி அழைப்புகள், பயணம், ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சு, அடையாள அட்டை, உதவித்தொகை, பக்கத்து அரசு மருத்துவமனையில் அதே மாத்திரை கிடைக்க ஏற்பாடு என்று அத்தனையும் இருக்கிறது. அதைச் செய்வதற்கு ஒரு ஆள் வேண்டும். கொண்டுபோய் விட்டபின் மூன்றாம் மாதம் கூப்பிட்டு "மாத்திரை சாப்பிடுகிறாரா" என்று கேட்கவும் அதே ஆள் வேண்டும். பெரும்பாலான கேஸ் மறுபடி சரிவது அந்த மூன்றாம், நான்காம் மாதத்தில்தான்.

பட்டியலில் வராத கைகள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்த பெண்கள் சின்னப்பாலம், பாம்பன் பக்கம் நிறைய. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறையில் உரசி உரசி எடுக்கிற வேலை. இவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஆகவே மீனவர் என்று நிரூபிப்பதே முதல் போராட்டம். மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் அரசின் பங்கோடு சேர்த்து 4,500 கிடைக்கும். அதற்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும். உறுப்பினராக்கிவிடுவது சின்ன வேலையாகத் தோன்றும். அந்தப் பெண் தன் பெயரில் தொழில்காரராக முதன்முதலாகப் பதிவாவது அப்போதுதான்.

வாலிநோக்கம் உப்பளத்தில் மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் இருக்கிறது, அதற்கும் நலவாரியப் பதிவு வேண்டும். சாயல்குடிப் பக்கம் பனையேறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் நிலை இன்னும் கஷ்டம். படுத்த படுக்கையாக இருப்பவரை மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக மருத்துவக் குழு முன் எப்படிக் கொண்டுபோவது? ஆட்டோ பிடித்து இராமநாதபுரம் போய், டாக்டர் லீவு என்று திரும்பினால், அடுத்தமுறை போக அவர் சம்மதிக்கமாட்டார். முன்னாலேயே போன் போட்டு நாளை உறுதிசெய்துவிட்டுக் கிளம்புவது என்ற ஒரே ஒரு பழக்கம் இந்தக் கேஸில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் ஒன்றும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம். படுக்கைப் புண்ணுக்குத் தண்ணீர்ப் படுக்கை கேட்பது, மக்களைத் தேடி மருத்துவம் செவிலியரை வீட்டுக்கு வரச்செய்வது எல்லாம் அதே நாளில் தொடங்கவேண்டியவை.

மண்டபம் முகாம் தனி உலகம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்பிய காலத்தில் அவர்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடம், 1983-க்குப் பிறகு அகதிகளை வரவேற்ற இடமானது. 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது மறுபடியும் குடும்பங்கள் படகேறி வந்து, அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, மண்டபத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். 2021-இல் மாதாந்திர உதவி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று உயர்ந்தது. இங்கே வேலை செய்பவர் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் திட்டத்துக்குக் குடியுரிமை வேண்டுமா வேண்டாமா என்பது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்கும் அந்தக் கேள்வி வருகிறது.

ஊரோடு பேசுவதும் ஊருக்கு அப்பால் நிற்பதும்

கீழக்கரையில் ஜமாஅத், தங்கச்சிமடத்தில் பங்குச் சாமியார், மற்ற மீனவக் கிராமங்களில் ஊர்த் தலைவரும் கமிட்டியும். இவர்களைத் தெரியாமல் இந்தக் கரையில் யாரும் வேலை செய்ய முடியாது. தடைக்காலத்தில் அரிசி மூட்டை வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்வது, கணவன் மனைவி சண்டையில் முதலில் கூப்பிட்டுக் கேட்பது எல்லாம் இவர்கள்தான். அரசு வருவதற்கு முன்பே அங்கே ஒரு பாதுகாப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை மதிக்கவேண்டும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்க முடியாது. தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் போகவேண்டும். வீட்டில் அடி வாங்குகிற பெண், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டபின், "ஊருக்குள்ளே பேசிக்கலாம், கேஸை வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்று பெரியவர்கள் வரும்போது, முடிவு அந்தப் பெண்ணுடையது என்று முகம் கோணாமல் சொல்லத் தெரியவேண்டும். நாளைக்கு வேறு குடும்பத்துக்காக அதே பெரியவரிடம் போகவேண்டியிருக்கும் என்பது தெரிந்தே சொல்லவேண்டும்.

சின்ன ஊரில் ரகசியம் காப்பதும் லேசில்லை. ஃபைலோடு ஒரு மேடம் ஒரு வீட்டு வாசலில் நின்றால் மதியத்துக்குள் தெருவுக்கே தெரியும். அதனால் சிலர் நான்கு வீடுகளுக்குப் பொதுவாகப் போவார்கள், ரேஷன் கார்டு சரிபார்க்க வந்ததாக. சில பேச்சுகளைத் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ வைத்துக்கொள்வார்கள். கணவர் கடலுக்குப் போகும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதி.

வேலை செய்கிறவரின் நிலை

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலர் சமூகப்பணி முதுநிலைப் பட்டம் படித்தவர்கள், சொந்த மாவட்டத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் தொகுப்பூதியம், ஒப்பந்தம். தொண்டு நிறுவனத்தில் என்றால் திட்டத்துக்கு நிதி இருக்கும்வரை. வேறு நிரந்தர வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த இரண்டில் இராமநாதபுரம் ஒன்று, மற்றது விருதுநகர். அந்தப் பட்டியலில் உடல்நலம், பள்ளி, வங்கிக் கணக்கு என்று பலவற்றை அளக்கிறார்கள். ஒரு குடும்பத்தோடு ஒரே பணியாளர் எத்தனை மாதம் இருந்தார் என்பதையும் அளக்கவேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் மேலே சொன்ன எந்தக் கேஸும் ஒரு நிதியாண்டுக்குள் முடிவதில்லை. காணாமல் போனவர் வீட்டுக் கேஸ் ஏழு வருடம் நீளலாம். அதற்குள் மூன்று நான்கு பேர் மாறினால், அந்தப் பெண் தன் கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லவேண்டும். அது எவ்வளவு பெரிய வேதனை என்று, ஒருமுறை அந்தக் கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

நிரந்தரப் பணி வரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: கையளிப்புக் குறிப்பு. எந்த அலுவலகத்தில் என்ன மனு, என்ன எண், எந்தத் தேதி, நிராகரித்திருந்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதவேண்டும். வாய்வார்த்தையாக "இல்லை" என்று சொன்னதை எழுத்தில் வாங்கியிருந்தால் அதன் நகலையும் வைக்கவேண்டும், மேல்முறையீடு அதிலிருந்துதான் தொடங்கும். இதெல்லாம் படிவத்திலேயே இருக்கிறது. படிவத்தில் இல்லாதவற்றையும் சேர்க்கவேண்டும்: இந்த வீட்டில் மாமியாரிடம் முதலில் பேசுங்கள். பையனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சொல்லமாட்டார், கையெழுத்துப் போடும் இடத்தில் நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை வசூல்காரர் வருவார், அன்று போகாதீர்கள். போகிறவரும் வருகிறவரும் ஒருமுறை சேர்ந்தே அந்த வீட்டுக்குப் போய், "இனி இவங்கதான் பார்ப்பாங்க" என்று அந்தக் குடும்பத்தின் முன்னாலேயே சொல்லிவிட்டு வரவேண்டும். கடைசிச் சம்பள நாளுக்கு முன் இதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.